பச்சை ஏறிய பொத்தான்கள்

நாட்டிங்ஹாம்
மார்ச் 1916

அன்புள்ள அண்ணா,

நீ விடுப்பில் வந்தபோது உன் சீருடையின் பித்தளைப் பொத்தான்களை அம்மா எவ்வளவு தேய்த்தும் பச்சை போகவில்லை. "கிடங்குல கணக்கு எழுதுறவனுக்கு ஏண்டா இப்படிப் பாசி பிடிக்குது? குளத்துலயா குடியிருக்க?" என்று கேட்டாள். நீ சிரித்தாய். நான்தான் கடற்காற்று என்று சொல்லி வைத்தேன்.

பக்கத்து வீட்டு ஹார்வுட், நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் நச்சுவாயு முகமூடிகளைக் குளோரின் வாயு அறையில் சோதிப்பவர். அவருடைய பொத்தான்களும் அதே பச்சைதான். அதனால் நீ எந்தப் பிரிவில் இருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. உன்னைப் போல் வேதியியல் படித்தவர்களையே படையில் ஏன் தேடிச் சேர்க்கிறார்கள் என்றும் கேட்கவில்லை.

எதிரியின் பக்கம் நச்சுவாயுவை விட உருளைகளைத் திறக்கும்போது முகமூடிக் கண்ணாடியில் ஆவி படிந்து திருகு தெரியவில்லை என்று சிலர் முகமூடியைத் தூக்கிவிடுகிறார்களாம். தெரியாவிட்டால் கையால் தடவிப் பார், அண்ணா. நான் தைக்கும் ஒவ்வொரு முகமூடியையும் உன்னுடையது என்றே நினைத்துத் தைக்கிறேன்.

இதுவரை எழுதி முடித்தபோது அம்மா மாவு பிசைந்த கையோடு வந்து நின்றாள்.

"காத்து நம்ம பக்கம் திரும்புனா முகமூடியத் தொடவே கூடாதுன்னு எழுதுடி" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"ஹார்வுட் வீட்டுத் துணியும் அதே பச்சைப் பொத்தானோட இங்கதானே காயுது. எனக்குத் தெரியும்னு மட்டும் எழுதாத. நான் பயப்படுறேன்னு நினைச்சா அவனுக்குக் கை நடுங்கும்."

ஆனாலும் எழுதிவிட்டேன். எங்களுக்காக நீ இனிக் கிடங்குக் கணக்கு என்று பொய் சொல்லிக் கஷ்டப்பட வேண்டாம்.

உன் தங்கை