ஐந்து லிட்டர் கணக்குப் புலி

தாயே, தோற்றுவிட்டேன்.

நேற்றுக் கடையில் நீ எடுத்த சின்ன சோப்புத் திரவப் பாட்டிலைப் பிடுங்கி வைத்துவிட்டு, "லிட்டருக்குப் பாதி விலை! உனக்குக் கணக்கே வராது" என்று பில் போடும் பெண் வரைக்கும் கேட்கக் கத்தி, ஐந்து லிட்டர் கேனை வாங்கி வந்த கணக்குப் புலி, அதன் லேபிளை இன்று காலையில்தான் படித்தது. ஒரு தடவை துவைக்க இதில் நாலு மூடி ஊற்ற வேண்டுமாம். உன் பழைய பாட்டிலில் ஒரே மூடி. அப்படிப் பார்த்தால் உன்னுடையதுதான் பாதி விலை.

எழுப்பத் தைரியமில்லை. டீ பிளாஸ்கில் இருக்கிறது. உன் பாட்டிலை வாங்கத்தான் போகிறேன். அதே பெண்ணிடம், "எங்க வீட்டுல சொன்னதுதாங்க சரி" என்று வரிசைக்கே கேட்கச் சொல்லிவிட்டு வருகிறேன்.

பி.கு. கேனை நீ தூக்காதே. வீம்புக்கு ஒற்றைக் கையில் தூக்கி வந்ததில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ராத்திரி உன் பக்கம் திரும்பாமல் படுத்தது அதனால்தான். கோபத்தில் இல்லை.