தீப்பெட்டியில் வைத்த ராணி

26-10-1993, செவ்வாய். கள்ளிக்குப்பம்.

இந்த வயதில் எழுதக் கற்ற பிறகு சந்தோஷமில்லாத ஒன்றை இன்றுதான் முதலில் எழுதுகிறேன். நான் கண்ணாடி பாட்டிலில் வளர்க்கும் எறும்புகளின் ராணி செத்துவிட்டது. தலை தனியாகக் கிடந்தது.

போன வாரம் மழையில் சுவரோரம் வேறு ஜாதி ராணி எறும்பு ஒன்று தனியாகத் திரிந்தது. பாவம் என்று பாட்டிலில் விட்டேன். என் எறும்புகள் அதைக் கடித்தன. உடனே எடுத்து, செத்துப்போன என் எறும்புகள் சிலவற்றோடு தீப்பெட்டியில் வைத்தேன். அவற்றின் வாசனை ஒட்டினால் மற்றவை சேர்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். மறுபடி பாட்டிலில் விட்டதும் அப்படியே சேர்த்துக்கொண்டன. அது உள்ளே போய் ராணியைக் கொன்றுவிட்டது. இப்போது என் எறும்புகளே அதன் முட்டைகளைச் சுமக்கின்றன.

என் மனைவி மேரி எட்டிப் பார்த்தாள்.

“நீதானேய்யா புதுமாப்பிள்ள மாதிரி சென்ட்டு பூசி உள்ள உட்ட? இப்ப இன்னாத்துக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு கீற?”

“அத்த எடுத்து வெளிய போட்டுடட்டா?”

“போட்டுட்டா, இதுங்களுக்கு வேற யாரு கீறா?”

சர்க்கரைத் தண்ணீர் வைத்தேன். என் எறும்புகள் குடித்துவிட்டு நேராக அதனிடம் போய் ஊட்டின.