சின்ன துரையின் இடது கால்

கலகெதர
ஹிஜ்ரி 1293, ரஜப் பிறை 9

அன்பு மகன் நளீருக்கு வாப்பா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். நாயன் கிருபையால் நானும் உம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், பினாங்கில் நீயும் உன் கடையும் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம். உம்மாவுக்கு முழங்கால் வலி விட்டுவிட்டு வருகிறது, வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. கோப்பி இலையில் விழுந்த அந்தச் செம்மஞ்சள் தூள் நோய் இன்னும் போகவில்லை, ஆனால் துரைமார் அதைப் பேசுவதைவிடக் கிரிக்கெட் ஆட்டத்தைத்தான் அதிகம் பேசுகிறார்கள்.

என் சங்கதி கேட்டிருந்தாய். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டத்துரைமார் கண்டித் துரைமாரிடம் மூன்று வருஷமாகத் தோற்றுக்கொண்டே வந்தார்கள். பந்தை அடிக்க ஆசை இருந்தது, அதற்கு வேண்டிய உடம்பு இல்லை. பெருநாளன்று நான் சிலம்பக் கம்பு சுற்றியதைப் பெரிய துரை எங்கோ நின்று பார்த்திருக்கிறார், மட்டை பிடிக்கிற ஐந்து பேரைத் தேற்றித் தர முடியுமா என்று ஆள் அனுப்பினார். எனக்குக் கிரிக்கெட் தெரியாது என்றேன், கம்பு தெரியுமே, அது போதும் என்றார். கிழமைக்கு ஆறு நாள் அங்கே தங்கிவிட்டு ஜும்ஆவுக்கு வீட்டுக்கு வந்துபோனேன். பழம் இறங்காத மாதம் ஆகையால் கோப்பி ஸ்டோர் காலியாகக் கிடந்தது, பழக்க அது வசதியாக இருந்தது. அடி கையிலிருந்து வருவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது குதிகாலில் கிளம்பி, இடுப்பில் திரும்பி, மணிக்கட்டில் முடிகிறது, கம்பானாலும் மட்டையானாலும் அப்படித்தான். முதல் இரண்டு கிழமை மட்டையைத் தொடவே விடவில்லை. மண் நிரப்பிய சாக்கைத் தோளில் வைத்து மேட்டில் ஏறி இறங்கச் சொன்னேன், பழம் தோலுரிக்கிற இயந்திரத்தின் பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றச் சொன்னேன், ஈரச் சாக்கை முறுக்கிப் பிழியச் சொன்னேன். முதல் நாளே இரண்டு துரைமார் வாந்தி எடுத்துவிட்டார்கள். லயத்தில் குடியிருக்கிற கூலிச் சனம் வேலியோரம் கூடி நின்றது, துரை மூட்டை சுமப்பதைப் பார்க்க யாருக்குத்தான் கொடுத்து வைக்கும். மூன்றாம் கிழமை காய்ந்த பாக்கை எறிந்து மெல்லிய பிரம்பால் அடிக்க வைத்தேன். பாக்கை அடித்துப் பழகிய கண்ணுக்குப் பந்து தேங்காய் அளவு தெரியும்.

ஐவரில் சின்ன துரைதான் கெட்டிக்காரர், ஒரே ஒரு குறை. பந்து வந்து சேருமுன்பே அவருடைய இடது கால் பக்கவாட்டில் ஓடிவிடும், அதனால் பின்னால் நட்ட மூன்று குச்சியின் அடிக்கு, நேரே குச்சியடிக்கு வருகிற பந்து அவருக்கு ஆகாது. மற்றப் பந்தையெல்லாம் வெளுத்து வாங்குகிறாரே, போகட்டும் என்று நானும் விட்டிருந்தேன்.

கண்டிப் பக்கத்துக்குச் சம்பளத்துக்குப் பந்து போடுகிறவன் உன் மச்சான் ஷிராஸ் என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மைதானத்துக்குப் பின்னால் அவனும் உன் தங்கை மஸீனாவும் இருந்த அறை அந்த வேலையோடு வந்தது. கொழும்பில் வேறொருவனைப் பார்த்து வைத்திருக்கிறோம், இந்த ஆட்டத்தில் அந்தச் சின்ன துரையை ஆட்டமிழக்க வைத்தால் இரு, இல்லாவிட்டால் அறையை விடு என்று அவனிடம் சொல்லிவிட்டார்கள். மஸீனாவுக்கு இது ஏழாம் மாதம். ஆட்டத்துக்கு முந்திய கிழமை, வெள்ளிக்கிழமை, மாட்டுக் கரத்தையில் குலுங்கிக் குலுங்கி இங்கே வந்து சேர்ந்தாள். வாப்பா, நான் ஒண்டும் கேக்க இல்ல, அந்தச் சின்ன தொரக்கு எந்தப் பந்து ஏலாதுண்டு ஒரு வார்த்த செல்லுங்க, போதும் என்றாள். ஊதியம் தருகிறவன் என்னை நம்பிக் காட்டிய குறை அமானிதம் மகள், அதை வெளியே சொல்ல முடியாது என்றேன். அவள் அழவில்லை. சோற்றைத் தின்றுவிட்டு, தட்டையும் கழுவி வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் நான் புறப்படும்வரை உம்மா சுவரைப் பார்த்துத்தான் பேசினாள்.

இது வரைக்கும் எழுதியது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், இனி எழுதுவது எனக்கு மட்டும் தெரிந்தது. மஸீனா வந்து கேட்ட பிறகுதான், பந்து போடுகிறவன் அந்தக் காலைத்தான் தேடுவான் என்று எனக்கு உறைத்தது. மறுநாளே தோட்டத்துக்குப் போய் ஒரு முளை அடித்து, சின்ன துரையின் இடது காலைக் கயிற்றால் அதில் கட்டினேன். ஆறு நாளும் நேரே குச்சியடிக்கே பாக்கு எறிந்தேன், கடைசி நாள் கயிற்றை அவிழ்த்தும் கால் அசையவில்லை. செய் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. விட்டிருந்தால் ஏன் விட்டாய் என்று கேட்கவும் ஆளில்லை. அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெற்ற மகள் நம்பிக் கேட்ட கேள்வியை அவள் புருஷனுக்கு எதிராகவே பாவித்தேன் என்பதுதான் உண்மை.

ஆட்டத்தன்று பார்த்தால், ஷிராஸ் யாரும் சொல்லாமலே அந்தக் காலைக் கண்டுபிடித்து வைத்திருந்தான். போன வருஷத்து ஆட்டத்தில் கவனித்தானாம். மூன்றாவது பந்திலிருந்து நேரே குச்சியடிக்கே போட்டான். கால் அசையவில்லை, பந்து மாமரத்துக்கு அப்பால் போய் விழுந்தது. தான் கண்டது பிழையாக இருக்காது என்று அவன் திரும்பத் திரும்ப அங்கேயே போட்டான், சின்ன துரை எண்பத்து நான்கு ஓட்டம் எடுத்தார். துரைமார் வந்து என் கையைக் குலுக்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஷிராஸும் வந்தான். நல்லாப் பழக்கி ஈக்கிறீங்க மாமா, ஏண்ட கண்ணுதான் பிழச்சிட்டுது என்றான். நான் மட்டைகளைப் பொறுக்கிச் சாக்கில் கட்டத் தொடங்கினேன்.

அறையை விட்டாயிற்று. மஸீனா இப்போது எங்களோடு இருக்கிறாள், முன்போலவே என்னோடு பேசுகிறாள், கோப்பி ஊற்றித் தருகிறாள். ஷிராஸ் இனிப் பந்தைத் தொடுவதில்லை என்கிறான், கண் போனவனுக்கு அது எதற்கு என்கிறான். அடுத்த கப்பலில் உன்னிடம் வருகிறான், கடையில் ஒரு வேலை கொடு, முகம் கோணாமல் வைத்துக்கொள். நீயும் கப்பல் சரக்கு இறங்குகிற நாளில் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, ஈரத்தலையோடு வெயிலில் நிற்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பறக்கத்தும் தருவானாக, மஸீனாவின் பிரசவம் லேசாக நடக்க நீயும் துஆ செய்.

மறக்காமல் ஒன்று செய்ய வேண்டும். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, நாளைக் காலை ஷிராஸின் கையில்தான் கொடுத்தனுப்பப் போகிறேன். பிரித்துப் பார்க்கிற ஆள் அவன் இல்லை, கடல் தாண்டியும் பத்திரமாகக் கொண்டுவந்து தருவான். நீ வாசித்து முடித்ததும் அவனிடமே திருப்பிக் கொடுத்து வாசிக்கச் சொல். அவன் கண்ணில் ஒரு பிழையும் இல்லை.

உன் வாப்பா
மஹ்ரூப்