துலாபாரத் தட்டில் உன் அச்சன்

செறுமுக்கு
சிங்ஙம் மாதம் 4

அன்புள்ள ஸ்மிதமோளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அச்சனும் சுகம், இந்தத் தடவை அது பொய்யில்லை. அங்கே நீயும் சுகமாக இருக்கப் பகவதி துணை. போனில் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், அதனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன், அச்சன் டாக்டர் அறைக்குள்ளே இருக்கிறார்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், திட்டாதே. வயிற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது அச்சன் ஐம்பத்தாறு கிலோ. மூன்று மாதத்தில் அறுபது ஆக்கிக்கொண்டு வாருங்கள், அப்போதுதான் இரண்டாவது ஆபரேஷன், இல்லாவிட்டால் உடம்பு தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாராவாரம் எடை பார்க்கச் சொன்னார். உன் அச்சன் எங்கே போவார் என்று உனக்குத் தெரியாதா? வீட்டில் எடை மெஷின் வாங்கலாம் என்றால் அதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்று கோளரங்கத்துக்கே போனார், இருபத்திரண்டு வருஷம் அவர் கட்டி மேய்த்த அந்த மெஷினில்தான் ஏறுவாராம். ஏறி நின்று குமிழைத் திருப்பினால் சந்திரனில் எவ்வளவு, வியாழனில் எவ்வளவு என்று காட்டுமே, அதேதான். குமிழைப் பூமியில் வைத்துப் பார்த்திருக்கிறார், ஐம்பத்தொன்று. வீட்டுக்கு வந்த ஒரே வாரத்தில் ஐந்து கிலோ போய்விட்டது!

அன்றிலிருந்து மனுஷன் மனுஷனாக இல்லை மோளே. நானும் கஞ்சி, முட்டை, நேந்திரங்காய்ப் பொடி என்று ஊட்டாத குறையாகக் கொடுத்துப் பார்த்தேன், பத்து வாரத்தில் ஐம்பத்துநாலுக்கு மேல் முள் நகரவில்லை. பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, கிணற்று மோட்டாரை யார் ரிப்பேர் செய்வார்கள் என்று எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். நீ அப்போதுதான் வரட்டுமா என்று கேட்டாய், நான் வேண்டாம் என்றேன்.

முதல் ஆபரேஷனுக்கு முன்னால் பகவதிக்கு ஒரு நேர்ச்சை வைத்திருந்தேன், அச்சன் பிழைத்தால் அவர் எடைக்குக் கதளிப்பழம் துலாபாரம். டாக்டரிடம் போவதற்குள் அதை முடித்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். ஐம்பத்துநாலு கிலோ எலும்புக்கூட்டைத் தூக்கி வெச்சு ஊருக்குக் காட்டணுமாக்கும் என்று முறைத்தார், ஆனாலும் வந்தார். ஜோசு கடையில் ஐம்பத்தைந்து கிலோ பழம் வாங்கினேன், ஒரு கிலோ கூட இருக்கட்டும் என்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் அச்சன் ஒரு தட்டில் உட்கார, கோயில் ராகவ வாரியர் மறு தட்டில் பழத்தை அடுக்கினார். எல்லாக் குலையும் வைத்தாகிவிட்டது, அச்சன் இருந்த தட்டு அசையவே இல்லை! பாலேட்டா, மடியில கல்லு கில்லு கட்டிக்கிட்டு வந்திருக்கீங்களா என்று வாரியர் கேட்க எல்லாரும் சிரித்தார்கள், எனக்கு ரத்தம் கொதித்தது. அங்கிருந்தே ஜோசுக்குப் போன் போட்டு, அட பாவி, பகவதி காரியத்துலயும் எடையில கை வெச்சுட்டியே என்று வாய்க்கு வந்தபடி கொடுத்தேன்.

அவன் எடை மெஷினையும் இன்னும் ரெண்டு குலையையும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினான். சேச்சி, என்னை என்ன வேணா சொல்லுங்க, என் மெஷினைச் சொல்லாதீங்க, பழமும் ஏறட்டும் பாலேட்டனும் ஏறட்டும் என்றான். பழம் சரியாக ஐம்பத்தைந்து. அச்சன் ஏறினார், அறுபது, அதற்கு மேலேயும் கொஞ்சம்! நான் பார்த்தேன், வாரியர் பார்த்தார், அச்சன் மூன்று தடவை இறங்கி ஏறினார். ஜோசு கொண்டுவந்த குலைகளையும் வைத்த பிறகுதான் தட்டு மெல்ல எழுந்தது, அச்சன் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

கோயிலிலிருந்து நேரே கோளரங்கம். மெஷினைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். ஓய்வு பெறும் வாரம் தன் கையாலேயே குமிழைச் சுற்றிப் புதிதாகக் கிரகப் பெயர்த் தகடு எழுதி மாட்டினாரே, அதை ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறார். பூமி என்று எழுதிய இடத்தில் உள்ளே வெள்ளி கிரகம். வெள்ளியில் இழுவை பத்தில் ஒரு பங்கு குறைவாம். உடம்பில் இருக்கும் சரக்கு எங்கே போனாலும் மாறாது, வத்சலா, மண்ணு இழுக்கிற இழுவைதான் மாறும், வியாழன்ல ஏறினா நான் நூத்தம்பது கிலோ, சந்திரன்ல வெறும் பத்து என்று ஆட்டோவில் வரும் வழியெல்லாம் ஒரே பாடம். அப்போ துலாபாரத்துக்கும் கணக்கு மாறுமா என்று கேட்டேன். அதெப்படிடீ மாறும், என்னை இழுக்கிற மாதிரிதானே பழத்தையும் இழுக்கும், பகவதியைக் கொண்டுபோய் வெள்ளியில பிரதிஷ்டை பண்ணாலும் அதே பழம்தான் என்றார். எனக்குப் பாதிதான் புரிந்தது, அவர் சத்தமாகப் பேசுகிறாரே என்பதே போதும் என்றிருந்தது. ஒரு தமாஷ், பக்கத்து வீட்டு லீலாம்மா டீச்சர் அதே மெஷினில் ஏறிவிட்டு ஏழு கிலோ குறைத்துவிட்டேன் என்று ஊரெல்லாம் பாயசம் கொடுத்தாள். அவளிடம் யார் சொல்வது? அச்சன் என்னைப் பார்க்கிறார், நான் அச்சனைப் பார்க்கிறேன்.

இரு, கதவு திறக்கிறது.

டாக்டர் மெஷினில் அறுபதரை. வரும் இருபத்தொன்பதாம் தேதி ஆபரேஷன். நீ அன்று வரட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்றது லீவு கிடைக்காது என்பதற்காக இல்லை. நீ வந்தால் விடைபெற வந்திருக்கிறாய் என்று அச்சன் நினைத்துவிடுவார், அந்தப் பயம்தான். இன்று அவரே வாய் திறந்து கேட்டார், மோளை வரச் சொல்லு, எனக்குப் பார்க்கணும் என்று. வா மோளே.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். பகவதி உன்னைக் காப்பாள், எங்கள் இருவர் ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு. டிக்கெட் எடுத்ததும் முதலில் அச்சனைக் கூப்பிட்டுச் சொல், என்னை அப்புறம் கூப்பிடலாம்.

உன் அம்மா,
வத்சலா