மருமகனின் மினுங்கும் நங்கூரம்

அத்தான், எவரும் நம்பமாட்டாத கதையொன்றை இன்று எழுதப்போகிறேன் என்று ஊரறியச் சத்தியம் செய்கிறேன். உங்கள் மருமகன் தன் உல்லாசப் படகிலிருந்து கழற்றி அனுப்பிய உங்கள் பழைய நங்கூரச் சங்கிலியைக் காலையில் கழுவினேன். கையில் ஏறிய துருமணம் சவர்க்காரத்துக்கும் போகவில்லை. கூடவே கோபமும் ஏறிவிட்டது.

இந்தக் கரையில் நங்கூரம் போட்ட எவனும் உங்களிடம் ஏச்சு வாங்காமல் போனதில்லை. வெளிநாட்டுக் கப்டன் ஒருவரை நீங்கள் அழவைத்ததில் மயிலிட்டித் துறைமுகத்தில் தண்ணீர் இரண்டடி உயர்ந்தது. "காத்துக்கு உம்மடை வடிவு தெரியாது. ஆழத்தின்ரை பத்து மடங்கு சங்கிலி விடும். அது அடியிலை படுத்துக் கிடந்தால்தான் நங்கூரம் பிடிக்கும்" என்று ஏசினீர்கள்.

அந்த வாய் மருமகனுக்கு முன்னால் எங்கே போனது? கனடாவிலிருந்து வந்து அவர் வாங்கிய படகு நின்ற பக்கம் சூரியன் உதிக்க இடமில்லை. அதற்குக் கண்ணாடிபோல மினுங்கும் சின்ன நங்கூரமும் நாற்பது மீற்றர் சங்கிலியும் போதும் என்றார். பத்து மீற்றர் ஆழமுள்ள இந்தக் கரைக்கு வேண்டிய நூறு மீற்றரையும் ஏற்றினால் முன்பக்கம் தாழ்ந்து, படம் எடுக்க வடிவாக இராதாம். நீங்கள் மேசையில் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, "தம்பி சொன்னால் சரிதான்" என்றீர்கள்.

பெண் கொடுத்தவன் எதிர்வார்த்தை பேசக்கூடாது என்று எந்தக் கடல் உங்களுக்குச் சொன்னது?

கார்த்திகை வாடைக்காற்றில் தெல்லிப்பழை மாடுகள் பறந்துபோய் இராமேசுவரத்தில் மேய்ந்தன. படகு நங்கூரத்தை இழுத்துக்கொண்டு பாறைப்பக்கம் போனது, உள்ளே மருமகன். பாரமான நங்கூரத்தையும் இந்தச் சங்கிலியையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். ஒரு நுனியை அவரிடம் கொடுத்துக் கட்டச் சொல்லி, காற்றுக்கு எதிரே போய் நங்கூரத்தை இறக்கினீர்கள். படகு நின்றது. திரும்பும்போது வள்ளம் கவிழ்ந்தது.

செத்தவீட்டில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "மாமா ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நூறு மீற்றரும் போட்டிருப்பன்." அவரை அடிக்கக்கூட எனக்கு வழியில்லாமற் போயிற்று. ஏசுவதற்கு நீங்கள்தான் அகப்பட்டீர்கள், அதுவும் பெட்டிக்குள்.

சூரியன், மாடு, கப்டனின் கண்ணீர் எல்லாம் என் புழுகு. மற்றதெல்லாம் மெய், ஒரு சின்ன இடத்தை மட்டும் சொல்லாமல் விட்டேன். அந்த மேசையில் நானும் இருந்தேன். பெண்ணின் தாய்மாமன், எதையும் பேச உரிமையுள்ளவன். "தம்பி சொன்னால் சரிதான்" என்றுவிட்டு நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் இன்னொரு வடைக்குக் கை நீட்டினேன்.