இன்ஸ்பெக்டர் அருளப்பனை வீராசாமியிடம் கொடுத்தேன்

என்றும் என் அன்புக்குரிய மாப்பிள்ளை சுந்தரராசு அவர்களுக்கு,

நீங்கள் எங்களைவிட்டுப் போனது 1963ஆம் ஆண்டு தைப்பூசத்துக்கு மறுநாள். ஆகையால், அதே ஆண்டு செப்டம்பர் 16ஆம் தேதி இந்த நாடு மலேசியா ஆனதையும், டிசம்பர் 28ஆம் தேதி தலைநகரில் தொலைக்காட்சி தொடங்கியதையும் நீங்கள் அறியமாட்டீர்கள். இவ்விரண்டையும் முறைப்படி தெரிவித்துவிட்டு மூன்றாவது செய்திக்கு வருகிறேன். நீங்களே எழுதி, நீங்களே நடித்த துப்பறியும் நாடகம் 'ஏழாம் கட்டையில் ஒரு பிணம்' தொலைக்காட்சியில் வந்துவிட்டது. இந்த 1966ஆம் ஆண்டில், வெள்ளிக்கிழமைதோறும், நான்கு வாரம்.

நான்காவது செய்தியைக் கேட்டால் இருக்கையைவிட்டு எழுந்துவிடுவீர்கள். இன்ஸ்பெக்டர் அருளப்பனாக நடித்தவர் ஆஸ்பத்திரி டிரஸர் வீராசாமி. அந்த வேடத்தை அவருக்குக் கொடுத்தவன் நான். பிறர் வாயிலாக உங்கள் செவிக்கு எட்டும் முன்பு நானே தெரிவித்துவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. 1958ஆம் ஆண்டு தீபாவளிக்கு அடுத்த சனிக்கிழமை. கொலைகாரக் கிராணியாக, அதாவது தோட்டத்துக் கணக்குப்பிள்ளையாக, நடித்த வீராசாமி, கைவிலங்கோடு வெளியேறும்போது பிரதியில் இல்லாத நாலு வரியைச் சொந்தமாகச் சேர்த்துப் பேசி, உங்களைவிட அதிகமாகக் கைதட்டு வாங்கிக்கொண்டு போனார். அரிதாரத்தைத் துடைத்தபடி நீங்கள் சொன்னீர்கள்: "இவன் என்னைக்கும் கொலைகாரன்தான் மச்சான். நான் செத்தாலும் அருளப்பனை இவன்கிட்ட மட்டும் கொடுத்துடாதீங்க." விளையாட்டாகச் சொன்னீர்களா, உண்மையாகவே சொன்னீர்களா? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆனால் என் தங்கை, உங்கள் கமலம், பக்கத்தில் நின்று கேட்டாள். அவளுக்கு அது நீங்கள் எழுதிவைத்துவிட்டுப் போன உயில் மாதிரி.

நாடகத்தின் கடைசிக் காட்சி எப்படியிருக்கும் என்பது நம் ஊர் காஜா பேராங்கில் எல்லோருக்கும் தெரியும். இக்கடிதம் கையில் கிடைக்கும் மற்றவர்களுக்காக, கட்டை என்றால் மைல்கல் என்பதையும் சேர்த்து, இங்கே குறிப்பிடுகிறேன். சந்தேகத்துக்குரிய ஐந்து பேரையும் வரிசையில் நிறுத்திவிட்டு, அருளப்பன் மேடையின் விளிம்புக்கு வந்து கூட்டத்தைப் பார்த்துக் கேட்பார்: "பெரியோர்களே, இவர்களில் கொலைகாரன் யார்?" கூட்டம் கதையில் வரும் பெயரைச் சொல்லாது. "வீராசாமி!" என்று கத்தும். எந்த நாடகமானாலும் கொலை செய்பவர் அவர்தானே! சத்தம் அடங்கும் வரை நீங்கள் நிற்பீர்கள். பிறகு, "சரியாகச் சொன்னீர்கள்" என்பீர்கள். அந்த நிற்பில்தான் நாடகமே இருந்தது.

தொலைக்காட்சி அறிவிப்பாளர், இந்நாடகம் சுதந்திரம் கிடைத்த 1957இல் முதன்முதலாக அரங்கேறியது என்று கூறினார். அது தவறு. மலாக்காவின் பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திரத்துக்கான தேதி அறிவிக்கப்பட்டதே, 1956 பிப்ரவரி 20, அதற்கு அடுத்த சனிக்கிழமைதான் அரங்கேற்றம். திருத்தம் கோரி நிலையத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை, வரும்.

இனி, ஏன் வீராசாமி என்பதற்கு வருகிறேன். அருளப்பன் வேடத்துக்குத் தயாரிப்பாளர் முதலில் தேர்ந்தெடுத்தது தலைநகரத்து இளைஞர் ராஜனை. நல்ல அழகானவர், அலையலையாகத் தலைமுடி, குரலும் குறைசொல்லும்படி இல்லை. வீராசாமியைப் பழையபடி கிராணி வேடத்துக்கு அழைத்திருந்தார்கள். நாடகப் பிரதிக்குப் பொறுப்பாளன் என்ற முறையில் ஒத்திகைக்கு நானும் போயிருந்தேன். கடைசிக் காட்சியில் ராஜன் கேள்வியையும் பதிலையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்.

"தம்பி, கேள்வி கேட்டா பதில் வர்ற வரைக்கும் நிக்கணும்," என்றேன்.

"யாரு ஐயா பதில் சொல்லுவா? எதிர்ல கேமராதானே இருக்கு!"

சந்தேகத்துக்குரியவர்களின் வரிசையில் நின்றிருந்த வீராசாமி தலையைக்கூடத் திருப்பவில்லை. "ஊர்ல இருப்பாங்க தம்பி," என்றார். "அவங்க சொல்லி முடிக்கட்டும். கொஞ்சம் நில்லுங்க."

மாப்பிள்ளை, அந்த ஒரு வார்த்தையில் நான் முடிவு செய்துவிட்டேன். இருவரும் வேடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லையேல் பிரதியை எடுத்துக்கொண்டு அடுத்த பேருந்தில் மலாக்காவுக்குத் திரும்புகிறேன் என்று தயாரிப்பாளரிடம் கூறினேன். நடிக்கும்போதே நேராக வீடுகளுக்குப் போய்விடுகிற நாடகம் ஐயா, இடையில் மௌனம் கூடாது என்று அவர் அஞ்சினார். நான் அஞ்சவில்லை.

வீட்டுக்கு வந்து கமலத்திடம் சொன்னேன். "அவரு சொன்னது உங்களுக்கு மறந்துபோச்சாண்ணே?" என்று ஒரு கேள்வி. அதன்பிறகு என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். காப்பி வரும், சோறு வரும், சட்டைக்குக் கஞ்சியும் போட்டிருக்கும். பேச்சு மட்டும் வராது.

சமூக மண்டபத்தில் தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருக்கிறார்கள். முதல் வெள்ளிக்கிழமை வீராசாமி தொப்பியும் தடியுமாகத் திரையில் தோன்றியபோது என்ன நடந்தது தெரியுமா? மீன் விற்கும் மாரியம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

"அடியே, வீராசாமிடி! அப்ப இவன்தான் கொன்னுருக்கான்!"

"இன்ஸ்பெக்டரு உடுப்பு போட்டிருக்காரேக்கா..."

"போட்டா? திருட்டுப்பய, தப்பிக்கிறதுக்குப் போலீஸ் வேசம் போட்டிருக்கான். பாத்துக்கிட்டே இரு, கடைசியில மாட்டுவான்."

தொலைக்காட்சிக்காகக் கதையை மாற்றியிருப்பார்கள் என்று மண்டபம் முழுவதும் அதை ஏற்றுக்கொண்டது. பத்தாண்டுகளாகக் கொலை செய்தவரைத் திடீரென்று நல்லவராக நம்ப யாராலும் முடியவில்லை. ராஜன் கிராணியாக வந்தாரா, "இந்தப் பையனா? பால் வடியுற மூஞ்சிடி! பாவம், இவன் தலையில பழியப் போடப் பாக்குறான்," என்று பெண்கள் பரிதாபப்பட்டார்கள். நம் பக்கத்து வீட்டு மலாக்கா செட்டிக்காரர் உங்களுக்குத் தெரியும்; தலைமுறைகளாக அவர்கள் வீட்டில் மலாய்தான், அவருக்குத் தமிழ் வராது. "சியாப்பா பூனோ?" என்று என் காதருகே கேட்டார். யார் கொன்றது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும் பழக்கம் எனக்கு எந்த மொழியிலும் கிடையாது. அவரே திரையைச் சுட்டிக்காட்டி, வீராசாமிதான் என்று தீர்ப்பளித்துவிட்டார்.

மூன்றாவது வாரம் பத்து பெரெண்டாம் ஊரிலிருந்தெல்லாம் சைக்கிளில் வந்தார்கள். எல்லோரும் இன்ஸ்பெக்டர் கைதாவதைப் பார்க்க வந்தவர்கள். அன்றைக்குத்தான், மாப்பிள்ளை, நான் செய்தது தவறோ என்று முதன்முறையாக நினைத்தேன். கடைசிக் காட்சியில் அவர் கேள்வி கேட்கும்போது ஊரே "வீராசாமி!" என்று கத்தினால், உங்கள் அருளப்பன் அதோடு முடிந்தார். கமலம் என்னை மன்னிப்பாளா? நீங்கள் மன்னிப்பீர்களா?

நான்காவது வெள்ளிக்கிழமை கமலம் மண்டபத்துக்கு வந்தாள். கடைசி வரிசையில், சுவரோரமாக உட்கார்ந்தாள்.

ஐந்து பேரும் வரிசையில் நின்றார்கள். வீராசாமி முன்னே வந்து, திரை நிறையும்படி நின்று, "பெரியோர்களே, இவர்களில் கொலைகாரன் யார்?" என்றார். நிறுத்தினார். நின்றார். நிலையத்தில் அனைவரும் அவருக்கு வசனம் மறந்துவிட்டதென்று நடுங்கிப்போனார்களாம். கேமராவுக்குப் பின்னாலிருந்து இரண்டு முறை எடுத்துக்கொடுத்தார்களாம். அவர் அசையவில்லை. இங்கே மாரியம்மா மூச்சை இழுத்துக்கொண்டு, "வீரா..." என்று தொடங்கிவிட்டாள்.

"கிராணிதான்!"

கடைசி வரிசையிலிருந்து வந்த குரல். கமலம்! உங்கள் நாடகம் ஒன்றில்கூட அவள் வாய் திறந்ததில்லை. பதில் தெரிந்த பெண்டாட்டி கூட்டத்தோடு சேர்ந்து கத்துவது முறையில்லை என்பாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனியவில்லை. "அவரு கேக்குறாருல்ல? சொல்லுங்களேன்! கிராணிதான் கொன்னான்!" அடுத்த நொடி மண்டபமே "கிராணி! கிராணி!" என்று அதிர்ந்தது. தமிழ் தெரியாத செட்டிக்காரரும் நாற்காலியைத் தட்டிக்கொண்டு கத்தினார். திரையில் வீராசாமி கொஞ்சம் தலையைச் சாய்த்தார், தூரத்துச் சத்தத்துக்குக் காதுகொடுப்பவரைப் போல. பிறகு சொன்னார்: "சரியாகச் சொன்னீர்கள்."

ஞாயிற்றுக்கிழமை அவர் நம் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே தயங்கி நின்றவரைக் கமலம்தான், "உள்ள வாங்க டிரஸரய்யா," என்று அழைத்தாள்.

உட்கார்ந்ததும் அவர் என்னைக் கேட்டார்: "நான் கேட்டப்ப இங்க என்னா சொன்னாங்க? எம் பேரத்தானே சொன்னாங்க?"

"கிராணின்னு சொன்னோம்," என்றாள் கமலம்.

அவர் நம்பவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

"அவரு மாதிரி இல்ல நீங்க," என்றாள் கமலம். "ஆனா இன்ஸ்பெக்டரு மாதிரி இருந்தீங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணே, காப்பி ஆறுது, குடிங்க," என்றாள். அத்தனை நாள் கழித்து என்னோடு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

ஆகவே, நான் செய்தது சரி என்றே இன்றும் கருதுகிறேன். உங்களுக்கு வருத்தமிருந்தால் என்மேல் வைத்துக்கொள்ளுங்கள், வீராசாமிமேல் வேண்டாம். உங்கள் அருளப்பனை அவர் பத்திரமாக வைத்திருக்கிறார். ஒருநாள் அவருக்கும் வயதாகும். அந்தத் தொப்பியை இன்னொருவர் அணிய வேண்டிவரும். அப்போது அந்த ஆளை நானாகத் தேர்ந்தெடுக்கமாட்டேன், மாப்பிள்ளை. கமலத்தைக் கேட்பேன். அவள் சரியென்று சொல்லும்வரை காத்திருப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் கமலத்தின் அண்ணனும்
என்றென்றும் உங்கள் மச்சானுமாகிய
கோவிந்தசாமி
காஜா பேராங், மலாக்கா