அகல நாற்காலி

2024 ஜூன் 3, திங்கள்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் ஹில்டா எழுதுகிறாள். இன்று எங்கள் திருவொற்றியூர் மொத்த மளிகைக் கடைக்கு அரிசி லாரி வந்தது. அறுபது மூட்டையையும் கூலியாள் வேலப்பன்தான் இறக்கினான். என் மகன், இவள் புருஷன் ஜெபசிங் எழுந்து லாரி வரை போய்க் கையெழுத்துப் போட்டான். அதற்கே மூச்சு வாங்கியது. வயது நாற்பத்தொன்று.

ஜூன் 5, புதன்

ஆஸ்பத்திரி எடை மிஷின் அவன் பாரத்துக்குப் போதவில்லை. கடைக்கு வந்து மூட்டை நிறுக்கும் தராசில் ஏறினான். நூற்று இருபத்தெட்டு கிலோ. கூலியாட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

இதயம் வீங்கியிருக்கிறதாம். ஆறு மாதத்தில் இருபது கிலோ குறைய வேண்டும், இல்லையென்றால் தாங்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

ஜூன் 6

கடைக்கு யார் வந்தாலும் டீ. முதலாளியும் கூட இருந்து குடிக்க வேண்டும், அதுதான் வந்தவருக்கு மரியாதை. இந்த வழக்கத்தை வைத்தவனே நான்தான். ஜெபசிங் குடித்ததை இன்று எண்ணினேன். பதினொரு டீ, ஒவ்வொன்றோடும் பட்டர் பிஸ்கட். நானும் குடித்தவன்தான். ஆனால் ஒரு டீக்கும் அடுத்த டீக்கும் நடுவில் இருபது மூட்டை தூக்கியிருப்பேன்.

ஜூன் 9, ஞாயிறு

கோயிலில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. 1971இல் சாத்தான்குளத்திலிருந்து வந்து இறங்கிய அன்று, எழும்பூர் ஸ்டேஷனில் காசு போட்டு எடை பார்த்தேன். நாற்பத்து நான்கு கிலோ. வந்து விழுந்த அட்டையை ஒருவரிடம் காட்டினேன். ‘நீ பாக்கியசாலி’ என்று வாசித்தார். ஊரில் நாங்கள் ஒல்லியாக இருந்தது ஆரோக்கியம் இல்லை, பட்டினி.

ஜெபசிங் பதினேழு வயதில் ஒருநாள் சர்க்கரை மூட்டையைத் தோளில் ஏற்றினான். அறைந்துவிட்டேன். முதலாளி மகன் உட்கார்ந்துதான் இருக்க வேண்டும் என்றேன். அவன் உடம்பு போடப் போட எனக்குப் பெருமை. பழைய நாற்காலியின் கை இடுப்பில் இடித்தபோது, ராயபுரத்து ஆசாரியிடம் சொல்லி அகலமாகத் தேக்கில் செய்து போட்டேன். இடித்ததே — அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டாமா?

இந்த இடத்தில் ஹில்டா பேனாவை வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எடுத்தாள்.

ஜூன் 10

தெருமுனைக் கடைக்குப் பருப்பு கொடுக்கத் தானே போவதாக ஜெபசிங் எழுந்தான். என் வாய் சும்மா இருக்கவில்லை. “வெயிலா இருக்குல்லா, இருலே. வேலப்பன் போவான்.” அவனும் உட்கார்ந்துவிட்டான்.

வேலப்பன் தோள் மூட்டையை இறக்கி வைத்தான். “நைனா, மூட்ட தூக்குற எனக்கு இன்னும் ஒண்ணும் ஆவல. உன் புள்ளைய நீதான் குந்த வச்சே சாவடிச்சுகினு கீற.”

இத்தனை வருஷத்தில் கடையில் யாரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை.

ஜூன் 11

இன்று முதல் நாற்காலியில் நான். காலடிப்பேட்டையிலிருந்து தேரடி வரை கடை கடையாக நடந்து போய் ஆர்டர் எடுப்பது ஜெபசிங் வேலை.

“எழுதத் தெரியாம எப்படிப்பா சமாளிப்பீய?” என்றான்.

“யாருக்கு என்ன சரக்குன்னு மனசுல நிக்கும்லே. நீ நட.”

ஜூன் 24

பருப்பு மண்டிக்காரரோடு ஜெபசிங் டீ குடிக்கவில்லை. அவர் முகம் கொடுக்காமல் போய்விட்டார். போகட்டும்.

ஆகஸ்ட் 7

முட்டி வலி. நான்கு நாளாக அவன் நடக்கவில்லை. குறைந்ததில் ஒரு கிலோ திரும்ப ஏறிவிட்டது. இதை எழுத மாட்டேன் என்கிறாள் ஹில்டா. எழுதும்மா, இதையும் எழுது.

செப்டம்பர் 14, சனி

தராசில் நூற்றுப் பதினேழு. இன்னும் தூரம் இருக்கிறது.

மத்தியானம் ஜெபசிங் தேரடியிலிருந்து திரும்பினான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பழக்கதோஷம் — நான் எழுந்து நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டேன்.

“நீங்க இருங்கப்பா. நான் நிக்கேன்.”

ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தான். எண்ணெய் டின் இன்னும் போகாத கடை எது என்று கேட்டான். மனதிலிருந்து சொன்னேன். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இரு என்று நான் சொல்லவில்லை.